வெள்ளி மூக்கிலிருந்து கரி எலும்பு வரை

அறியாமைக் காலத்தில் அரபுக் குலங்களுக்கிடையே நடந்த போர்களுள் ‘குலாப்’ போரும் ஒன்று. அதில் அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்களின் மூக்கு வெட்டுண்டு போயிற்று. அவர் வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். நாளடைவில் அதிலிருந்து துர்நாற்றம் வீசத் தொடங்கியது. பின்னர் நபி (ஸல்) அவர்கள், தங்கத்தில் ஒரு மூக்குச் செய்துகொள்ளுமாறு அவருக்குக் கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ள இச்செய்தியை அர்ஃபஜா (ரலி) அவர்களின் பேரர் அப்துர் ரஹ்மான் பின் தரஃபா அறிவிக்கிறார்.

ஆண்கள் தங்கம் அணியலாகாது என்பது நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்த சட்டம். ஆகவே, தேவை ஏற்படும்போது தடை தளரும் என்பதற்குச் சான்றாகவே இச்செய்தியை நாம் வகுப்பில் நடத்துகிறோம். அதில் இன்னொரு பாடமும் அடங்கியிருக்கிறது. வெள்ளி மோதிரம் அணிய ஆண்களுக்கு அனுமதி உண்டு. சட்டத்தின் பார்வையில் வெள்ளி எளிதானது. ஆனால் அந்த மனிதரின் உடலுக்கு அது ஒத்துவரவில்லை. கந்தகம் கலந்த காற்று பட்டால் வெள்ளி கறுத்துப்போகும். தங்கம் அப்படியே இருக்கும். சட்டத்துக்கு எளிதான பொருளை விடுத்து, உடலுக்கு ஒத்த பொருளை நோக்கி அவர் வழிகாட்டப்பட்டார்.

உடல் எந்தப் பொருளை ஏற்கும் என்னும் தேடல் அன்றோடு முடிந்துவிடவில்லை. அந்த வரிசையில் நம் காலத்தில் வந்து சேர்ந்திருக்கும் ஒரு பொருளைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. கட்டியை அகற்றிய பின் எலும்பில் ஏற்படும் பள்ளத்தை நிரப்பவும், போன எலும்பின் இடத்தில் வைக்கவும் மருத்துவர்கள் இன்று கார்பனை, அதாவது கரியைப் பயன்படுத்துகிறார்கள்.

மதரஸா ஆசிரியர்கள் இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். உடலுக்குள் அந்நியப் பொருள் இருக்கத் தொழுகை கூடுமா, கடமையான குளிப்பு நிறைவேறுமா, மரணித்தால் அதை எடுத்துவிட்டுத்தான் அடக்கம் செய்ய வேண்டுமா என்ற கேள்விகள் நம்மிடம் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காததால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்களும் உண்டு. எலும்புப் புற்றில் காலதாமதம் சில வேளை காலையும், சில வேளை உயிரையும் கொண்டுபோய்விடும். ஆகவே மருத்துவத்தின் வரலாற்றையும் சட்டத்தின் வரலாற்றையும் ஒருசேரப் பார்ப்பது பயன் தரும்.

எலும்பை ஒட்டும் சட்டம்

ஹிஜ்ரி 676 இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ ஷாஃபிஈ மத்ஹபின் முதன்மையான பாடநூல்களுள் ஒன்று. அதில் தொழுகையின் நிபந்தனைகளைப் பேசும் இடத்தில், உடலும் உடையும் இடமும் அசுத்தத்திலிருந்து நீங்கியிருக்க வேண்டும் என்னும் சட்டத்தையொட்டி, ஒரு வியப்பான கேள்வி வருகிறது. ஒருவர் தம் உடைந்த எலும்பை அசுத்தமான எலும்பு ஒன்றைக் கொண்டு ஒட்டவைத்திருந்தால் என்ன செய்வது?

இமாமவர்களின் பதிலை இவ்வாறு சுருக்கலாம். தூய பொருள் கிடைக்காத நிலையில் அவர் அப்படிச் செய்திருந்தால், அவர்மீது குற்றமில்லை. தூய பொருள் கிடைத்தும் அசுத்தமானதை வைத்திருந்தால், அதை அகற்ற வேண்டும். ஆனால் அகற்றுவதால் வெளிப்படையான தீங்கு நேரும் என்று அஞ்சினால் அகற்ற வேண்டியதில்லை. தீங்கு நேரினும் அகற்றியே ஆக வேண்டும் என்ற ஒரு கருத்தும் இருந்தது. அது வலுவற்ற கருத்தாகவே பதியப்பட்டுள்ளது. அந்த நிலையில் அவர் மரணித்துவிட்டால், சரியான கருத்தின்படி, அந்த எலும்பு எடுக்கப்படாது.

இச்சட்டத்தைப் படிக்கும் மாணவர்கள், இப்படியும் நடக்குமா என்று புன்னகைப்பதுண்டு. நடந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகரின் அறுவை மருத்துவர் யோப் வான் மேக்கரன் எழுதிய நூல் அவர் மறைந்த பின் 1668 இல் வெளிவந்தது. ரஷ்யப் பிரபு ஒருவரின் தலையில் வாள்வெட்டு விழுந்து மண்டையோட்டின் ஒரு பகுதி போய்விட்டதையும், மருத்துவர் ஒருவர் நாயின் மண்டையோட்டுத் துண்டை அங்கே பொருத்தியதையும் அந்நூல் கூறுகிறது. மனிதத் தலையில் நாயின் எலும்பு இருக்கலாகாது என்று தேவாலயம் அவரை விலக்கி வைத்தது. எலும்பா, சமயமா என்னும் இக்கட்டில் அந்த மனிதர் நிறுத்தப்பட்டார். எலும்பு மாற்றுச் சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சியிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.

இதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, இதே இக்கட்டை நம் அறிஞர்கள் ஏட்டில் வைத்து, தேவை, தீங்கு என்ற இரண்டு அளவுகோல்களால் தீர்த்து வைத்திருந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நாயின் எலும்பு அசுத்தம் என்பதில் ஷாஃபிஈ அறிஞர்களுக்கு ஐயமில்லை. ஆயினும் அதைச் சுமந்திருக்கும் மனிதரைத் தொழுகையை விட்டோ, சமுதாயத்தை விட்டோ அவர்கள் வெளியேற்றவில்லை.

கட்டியை அகற்றினால் எலும்புக்கு என்ன வழி?

முறிந்த எலும்பு வேறு, கட்டி வந்த எலும்பு வேறு. குர்துபாவைச் சேர்ந்த அஸ்ஸஹ்ராவீ (கி.பி. சுமார் 1013 இல் மறைந்தவர்) தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் அறுவைப் பகுதியில், ஆடும் பற்களைப் பொன் கம்பியால் கட்டும் முறையையும், விழுந்த பல்லின் இடத்தில் மாட்டெலும்பில் செதுக்கிய பல்லை வைப்பதையும் விவரிக்கிறார். அதே மனிதர் புற்றைப் பற்றி எழுதும்போது, முற்றிய புற்றைத் தம்மால் குணப்படுத்த முடிந்ததே இல்லை என்றும், குணப்படுத்திய எவரையும் தாம் கண்டதில்லை என்றும் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். இப்னு ஸீனா (980–1037), தொடக்க நிலையில் இருக்கும் சிறிய கட்டியை அறுப்பதானால் வேர் எதுவும் மிஞ்சாதபடி முழுமையாக அறுக்க வேண்டும் என்று எழுதினார். முழுமையாக அறுப்பது என்றால், எலும்பில் வந்த கட்டிக்கு அந்தக் காலையோ கையையோ துண்டிப்பது என்றே பொருள்பட்டது. இந்நிலை இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

1846 இல் மயக்கமருந்தும், 1867 இல் கிருமிநீக்க முறையும், 1895 இல் எக்ஸ்ரேயும் வந்த பிறகுதான் எலும்பைக் காப்பாற்றும் எண்ணத்துக்கே இடம் பிறந்தது. கிளாஸ்கோ நகரின் வில்லியம் மக்யூவன், சீழ்பிடித்துக் கையெலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, 1880 வாக்கில், வேறு சிறுவர்களின் காலெலும்புத் துண்டுகளைப் பொருத்திக் கையை மீட்டார். 1940 இல் அமெரிக்காவின் ஆஸ்டின் மூர், ஹரால்டு போல்மன் ஆகிய இருவரும், தொடையெலும்பின் மேற்பகுதியில் கட்டி வந்த ஒருவருக்கு அப்பகுதியையே அகற்றிவிட்டு உலோகத்தாலான துண்டு ஒன்றை வைத்தார்கள்.

ஆனால் உலோகம் மட்டும் போதுமானதாக இல்லை. பதின்ம வயதினரைத் தாக்கும் ‘ஆஸ்டியோசார்க்கோமா’ என்னும் எலும்புப் புற்றில், காலைத் துண்டித்த பின்னும் ஐந்தில் நான்கு பேர் வரை நுரையீரலுக்குப் பரவிய நோயால் இறந்துகொண்டிருந்தார்கள். 1970களில் கீமோதெரபி வந்ததும் இந்நிலை தலைகீழாக மாறியது. நோய் பரவும் முன் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் ஜெரால்டு ரோஸன் முதலியோர், ஒவ்வொரு நோயாளியின் அளவுக்கும் உலோக எலும்பு தனியாகச் செய்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்த வாரங்களில், கட்டி வளராமல் இருக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. அறுவைக்கு முன்பே மருந்து கொடுக்கும் இன்றைய முறை, செயற்கை எலும்புக்காகக் காத்திருந்த அந்த நாள்களில்தான் வளர்ந்தது.

நம் சென்னையிலும் 1980களின் பிற்பகுதியிலிருந்து டாக்டர் மயில்வாகனன் நடராஜன் இத்தகைய உலோக எலும்புகளை இங்கேயே செய்வித்துப் பொருத்தி, துண்டிக்கப்பட இருந்த பல கால்களைக் காப்பாற்றினார். கால் போய்விடும் என்ற அச்சத்தால் மருத்துவமனைக்கே போகாமல் இருந்தவர்களுக்கு இது புதிய வாசலைத் திறந்துவிட்டது.

உலோகத்தின் மூன்று குறைகள்

உலோகம் வலிமையானது, பல இடங்களில் இன்றும் அதுவே முதல் தேர்வு. எனினும் கட்டி வந்த எலும்பில் அதற்கு மூன்று குறைகள் உண்டு.

முதற்குறை அதன் விறைப்பு. எலும்பு உயிருள்ள பொருள். சுமை விழும் இடத்தில் அது தடிக்கும், சுமை விழாத இடத்தில் மெலியும். ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892 இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். டைட்டானியக் கலவை, எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு விறைப்பானது. எஃகு பத்து மடங்குக்கும் மேல். இவை எலும்போடு சேர்ந்து நிற்கும்போது சுமையின் பெரும்பகுதியை உலோகமே தாங்கிக்கொள்கிறது. வேலையிழந்த எலும்பு மெலிகிறது, திருகுகள் தளர்கின்றன.

இரண்டாவது, உலோகம் மருத்துவரின் கண்ணை மறைக்கிறது. சிடி ஸ்கேனில் அது கோடுகோடாக ஒளிக்கீற்றுகளை வீசும். எம்ஆர்ஐ படத்தில் தன்னைச் சுற்றிலும் கருநிழலைப் பரப்பும். கட்டி மீண்டும் முளைக்கக்கூடிய இடம் அதே இடம்தான். எந்த இடத்தை மிகக் கூர்ந்து பார்க்க வேண்டுமோ அந்த இடமே மறைந்துபோகிறது.

மூன்றாவது, கதிர்வீச்சுச் சிகிச்சை. உலோகத்தில் படும் கதிர் சிதறும். எந்தத் திசுவுக்கு எவ்வளவு கதிர் போய்ச் சேரும் என்ற கணக்கு பிசகும். தண்டுவடத்தின் அருகே கதிர் பாய்ச்சும்போது இந்தப் பிசகு மிகவும் கவலைக்குரியது.

அணு உலையிலிருந்து இதயத்துக்கு

பள்ளிப் பருவத்தில் பென்சில் முனை உள்ளங்கையில் குத்தி ஒடிந்துபோன அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. ஆண்டுகள் பல கடந்தும் அந்த இடத்தில் நீலப்புள்ளி ஒன்று எஞ்சியிருக்கும். அது வலிப்பதில்லை, சீழ் வைப்பதில்லை. பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட் என்னும் கார்பன். உடல் அதை விரட்டுவதில்லை. நம் உடலின் எடையிலேயே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன்தான் இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவரின் உடலில் பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் புரதமாகவும் கொழுப்பாகவும் சர்க்கரையாகவும் கலந்திருக்கிறது.

ஆயினும் கரியை மருத்துவப் பொருளாக்கியது யாரும் எதிர்பாராத ஓர் இடம். 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தில் ஜாக் போக்ரோஸ் என்னும் அறிஞர், அணு உலைக்கான எரிபொருள் மணிகளின்மேல் கார்பன் உறை பூசும் பணியில் இருந்தார். ஹைட்ரோகார்பன் வாயுவை ஆயிரம் டிகிரிக்கும் மேலாகச் சூடாக்கினால் அது சிதைந்து, அதிலுள்ள கார்பன் மெல்லிய படலமாகப் படியும். இதற்கு ‘பைரோலிட்டிக் கார்பன்’ என்று பெயர். அதே காலத்தில் வின்சென்ட் காட் என்னும் இதய அறுவை மருத்துவர், இரத்தம் பட்டால் உறையாத பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கிராஃபைட் பூசிய பரப்பில் இரத்தம் எளிதில் உறைவதில்லை என்று கண்டிருந்தார். 1966 இல் காட்டின் ஆய்வைப் படித்த போக்ரோஸ் அவரோடு தொடர்பு கொண்டார். 1968 இல் பைரோலிட்டிக் கார்பனைக் கொண்ட இதய வால்வு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் பொருத்தப்படும் இயந்திர வகைச் செயற்கை வால்வுகளில் பெரும்பாலானவற்றின் இதழ்கள் இக்கார்பனால் ஆனவை. நம் ஊரில் வால்வு மாற்று அறுவை செய்துகொண்டு வந்து முதல் வரிசையில் தொழுதுகொண்டிருக்கும் பெரியவர்களில் சிலர், தாம் அறியாமலே நெஞ்சில் கரியைச் சுமந்திருக்கிறார்கள்.

வால்வுக்கு வழவழப்பு வேண்டும். எலும்புக்கு வலிமை வேண்டும். அதற்கு உதவியது கார்பன் இழை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இவ்விழைகள், செயற்கை நூலைக் காற்றுப்படாமல் மிகுந்த வெப்பத்தில் சுட்டுக் கரியாக்குவதால் கிடைக்கின்றன. இழைகளைப் பிசினில் ஊறவைத்து இறுக்கினால், எஃகைவிட இலேசான, ஆனால் மிக உறுதியான பொருள் உருவாகும். முதலில் விமானங்களுக்கும் விண்கலங்களுக்குமே இது பயன்பட்டது.

கறுத்துப்போன மூட்டுகள்

ஒரு பொருள் புதிது என்பதாலோ, ஓரிடத்தில் வென்றது என்பதாலோ எல்லா இடத்திலும் வெல்லும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கும் கார்பனின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1970களில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் டேவிட் ஜென்கின்ஸ், கார்பன் இழைகளை நூலாகத் திரித்து, அறுந்துபோன மூட்டு நார்களின் இடத்தில் வைத்தார். இழைகளைப் பற்றிக்கொண்டு புதிய திசு வளர்ந்தது, நம்பிக்கையும் வளர்ந்தது. ஆனால் முழங்கால் நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை மடங்கி நீளும் உறுப்பு. இழைகள் பொடிந்தன. மூட்டைத் திறந்து பார்த்தபோது உட்புறம் கறுப்புத் துகள்கள் அப்பியிருந்தன. சிலருக்கு மூட்டின் உட்சவ்வு அழன்றது. அம்முறை மெல்லக் கைவிடப்பட்டது. செயற்கை மூட்டின் பிளாஸ்டிக்கை வலுப்படுத்தக் கார்பன் இழை கலந்த முயற்சியும் அவ்வாறே தோற்றது.

கரி நஞ்சாகவில்லை. இழுபட்டும் உராய்ந்தும் தேயும் இடத்தில் அதை வைத்ததே தவறாயிற்று. எந்தப் பொருளுக்கு எந்த வேலை என்பதை மருத்துவர்கள் இத்தோல்விகளிலிருந்து கற்றார்கள். வெள்ளி மோதிரத்துக்கு ஏற்றது, மூக்குக்கு ஏற்கவில்லை என்பதும் இதே வகைப் பாடம்தான்.

கட்டி இருந்த இடத்தில் கரி

அசையாமல் நின்று சுமை தாங்கும் இடமே கார்பனுக்குப் பொருத்தமானது. முதுகெலும்பு அத்தகைய இடம். அமெரிக்காவின் ஜான் பிராண்டிகன், ஆர்தர் ஸ்டெஃபி ஆகியோர், முதுகெலும்புக் கணுக்களுக்கிடையே வைக்கும் சிறு கூடு ஒன்றைக் கார்பன் இழை கலந்த பொருளால் செய்து, முதல் 26 நோயாளிகளின் இரண்டாண்டு நிலையை 1993 இல் வெளியிட்டார்கள். கூட்டின் நடுவே இருக்கும் வெற்றிடத்தில் நோயாளியின் சொந்த எலும்புத் துகள்களை நிரப்புவார்கள். நாளடைவில் மேற்கணுவும் கீழ்க்கணுவும் அதன் வழியே இணைந்துவிடும்.

இத்தாலியின் போலோஞா நகரில் ஸ்டெஃபானோ போரியானியும் அவர் குழுவினரும் இதை மேலும் விரித்தார்கள். கட்டி பற்றிய முதுகெலும்புக் கணு முழுவதையும் அகற்றும்போது அங்கே பெரும் இடைவெளி விழும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்க கார்பன் கூடுகளைத் தேவையான உயரத்துக்கு அடுக்கி அந்த இடைவெளியில் நிறுத்தினார்கள். உடலின் பாரத்தை அக்கூடு தாங்கியது; கதிர்ப்படத்தில் அது மறைப்பாக நிற்காததால், உள்ளே எலும்பு வளர்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்க்கவும் முடிந்தது.

இன்று ‘பீக்’ என்னும் உறுதியான பிளாஸ்டிக்கில் கார்பன் இழையைச் சேர்த்துத் தகடுகள், திருகுகள், எலும்பின் உள்ளே செலுத்தும் நீண்ட கம்பிகள் ஆகியவற்றைச் செய்கிறார்கள். இழையின் அளவையும் திசையையும் மாற்றுவதன் மூலம் எலும்பின் விறைப்புக்கு மிக அருகே இப்பொருளைக் கொண்டுவர முடிகிறது. கதிர்வீச்சு இதன் வழியே பெரிதாகச் சிதறாமல் செல்கிறது. ரஷ்யா போன்ற நாடுகளில், பிளாஸ்டிக்கே இல்லாமல், கார்பன் இழையையும் கார்பனையும் மட்டுமே சேர்த்துச் சுட்ட கட்டிகளைப் பயன்படுத்தி வருகிறார்கள். நுண்துளைகள் உள்ள இக்கட்டியை, கட்டி சுரண்டி எடுக்கப்பட்ட பள்ளத்தின் வடிவத்துக்கு ஏற்பச் செதுக்கிப் பொருத்துகிறார்கள். ஓரத் துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்கிறது.

இதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். உலோகத் தகட்டை அறுவை அரங்கிலேயே வளைத்துக்கொள்ளலாம். கார்பன் தகட்டை அவ்வாறு வளைக்க முடியாது. எக்ஸ்ரேயில் தெரியாததால், இருக்குமிடத்தை அறிய டாண்டலம் போன்ற உலோகத்தின் சிறு அடையாளங்களை அதில் பதிக்க வேண்டியிருக்கிறது. கார்பன் கரைந்து எலும்பாக மாறாது. ஆயுள் முழுவதும் கார்பனாகவே இருக்கும். விலையும் அதிகம். உலோகத்தைப் போல நீண்ட காலப் பட்டறிவும் இன்னும் சேரவில்லை. எனவே கார்பனே சிறந்தது, மற்றவை தாழ்ந்தவை என்று எண்ண வேண்டியதில்லை. கதிர்வீச்சும் தொடர் கண்காணிப்பும் தேவைப்படும் இடத்தில் அதன் பயன் மிகுதி. மற்ற இடங்களில் உலோகமோ, சொந்த எலும்போ, எலும்பு சிமென்டோ போதுமானதாக இருக்கலாம். இதை முடிவு செய்ய வேண்டியவர் புற்றுநோய் எலும்பு மருத்துவரே.

மக்கள் கேட்கும் கேள்விகள்

இனி, நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு வருவோம்.

கார்பன் தூய பொருளா? விலங்கின் எலும்பு என்றால், எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்னும் கேள்விகள் எழும். மனித எலும்பு என்றால், மனிதனின் கண்ணியம் பற்றிய விவாதம் எழும். அறிஞர்கள் அதைத் தனியாகவே பேசியிருக்கிறார்கள். மருத்துவக் கார்பனோ செயற்கை நூலிலிருந்தும் வாயுவிலிருந்தும் கடும் வெப்பத்தில் பெறப்படுவது. அதில் அசுத்தமான எதுவும் இல்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முன்வைத்த முதல் நிபந்தனையே, தூய பொருள் கிடைக்கிறதா என்பதுதான். அன்று எலும்பை ஒட்ட எலும்பைத் தவிர வேறு வழி அரிது. இன்று தூய பொருள்கள் பல நம் கைவசம் உள்ளன. கார்பன் அவற்றுள் ஒன்று.

உளூவும் குளிப்பும் நிறைவேறுமா? தண்ணீர் சேர வேண்டியது தோலின்மீது. தோலுக்கும் தசைக்கும் உள்ளே இருக்கும் பொருள் உடலின் உட்பகுதியைச் சேர்ந்தது; அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அறுவைக் காயம் ஆறும்வரை கட்டின்மீது தடவுவது, தயம்மும் செய்வது ஆகியவற்றில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளியின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். காலைக் காப்பாற்றியதற்காகத் தொழுகை குறைபட்டுவிட்டதாக எவரும் வருந்த வேண்டியதில்லை.

மரணித்தால் எடுக்க வேண்டுமா? அசுத்தமான எலும்பையே மையித்திலிருந்து எடுக்கத் தேவையில்லை என்பது சரியான கருத்தாக இருக்கும்போது, தூய கார்பனைப் பற்றிய கேள்வி எழவே இடமில்லை. அதை எடுப்பதற்காக மையித்தைக் கீறுவதுதான் மையித்தின் கண்ணியத்தைக் குலைக்கும்.

செலவுக்கு என்ன செய்வது? மருத்துவச் செலவைத் தாங்க இயலாத ஏழை நோயாளிக்கு ஸகாத் கொடுக்கலாம். ஊர் ஜமாஅத்துகள் ஸகாத் நிதியைப் பங்கிடும்போது, நீண்ட சிகிச்சையில் இருக்கும் இத்தகைய குடும்பங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீவிவிடும் முன்

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஆஸ்டியோசார்க்கோமா பெரும்பாலும் பத்து முதல் இருபது வயதுக்குள், முழங்காலைச் சுற்றியே தோன்றுகிறது. ‘விளையாடும்போது அடிபட்டிருக்கும்’ என்று வீட்டில் எண்ணுவார்கள். எண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். கட்டுப் போடுபவரிடம் அழைத்துச் சென்று மாதக்கணக்கில் கட்டுப் போடுவார்கள். கட்டியை அழுத்தி நீவுவது தீங்கையே விளைவிக்கும். பிள்ளையின் மூட்டருகே வீக்கம் வந்து சில வாரங்களாகியும் வடியவில்லை என்றாலும், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி தொடர்ந்தாலும், நீவிவிடும் முன் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கரியா, உலோகமா என்று மருத்துவர்கள் தேர்வு செய்ய வேண்டுமானால், அதற்குக் காலமும் எஞ்சிய எலும்பும் வேண்டும். தாமதம் இரண்டையும் பறித்துவிடும்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மூக்கிழந்த ஒருவருக்கு, தடுக்கப்பட்டிருந்த தங்கத்தையே அனுமதித்து முகத்தை மீட்டுத் தந்த மார்க்கம் இது. அதைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையின் காலை இழக்க விடுவது அந்த மார்க்கத்துக்கே செய்யும் அநீதி. இத்தகைய குடும்பம் உங்கள் ஊரில் இருந்தால், இச்சட்டங்களை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தை வழங்குவானாக. அவர்களைக் குணப்படுத்தப் பாடுபடுவோரின் கரங்களுக்கு வலிமையையும் நிதானத்தையும் அளிப்பானாக. ஆமீன்.